ஆயுதபூஜைக்குத் திறந்த நாற்பத்து மூன்று இண்டெக்ஸ்

மஞ்சக்குப்பம்,
கடலூர்.
16.11.2024, சனிக்கிழமை.

சிதம்பரம் தெற்கு வீதியில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்திவரும் அன்பு மச்சான் பாலகுமாருக்கு, உன் அக்காள் புஷ்பவள்ளியைக் கட்டியதோடு உன்னையும் சேர்த்துத் தலையில் கட்டிக்கொண்ட சிங்காரம் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்காளும் உடம்பளவில் சுகம். மனசளவில் எப்படி என்பதை மேற்கொண்டு படித்துத் தெரிந்துகொள். அங்கே நீயும் கயல்விழியும் பிள்ளைகளும் நடராசர் புண்ணியத்தில் சுகமாக இருக்க வேண்டும். சுகமாக இருந்தால்தான் நான் திட்டுவதைக் கடைசி வரைக்கும் படிக்கத் தெம்பிருக்கும்.

போனிலேயே பேசியிருக்கலாமே என்று நினைப்பாய். போனில் நான் 'இண்டெக்ஸ்' என்று வாயைத் திறந்ததுமே, "மாமா, சிக்னல் கட்டாவுது, பிச்சாவரத்துல இருக்கேன்" என்று வைத்துவிடுகிறாய். போன வாரம் மட்டும் ஐந்து தடவை பிச்சாவரத்தில் இருந்திருக்கிறாய். கம்ப்யூட்டர் பார்க்கிறவனுக்கு அந்தச் சதுப்புக் காட்டில் தினமும் அப்படி என்ன வேலை என்று உன் அக்காளே கேட்கிறாள். கடிதத்தை அப்படிப் பாதியில் வைத்துவிட முடியாது. வைத்தாலும் அது மேசை மேலேயே கிடந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். நீ செய்துவிட்டுப் போன காரியம் இன்று எங்கே வந்து நிற்கிறது என்பது உனக்கு முழுசாகத் தெரிய வேண்டும் என்பதால் ஆதியிலிருந்து சொல்கிறேன். பொறுமையாகப் படி.

எங்கள் கம்பெனி செம்மங்குப்பம் பக்கத்து ஃபேக்டரிகளுக்கு வால்வு, பைப் மூட்டு ஒழுகாமல் இருக்க நடுவில் வைக்கிற கேஸ்கெட், போல்ட், ரப்பர் கையுறை சப்ளை செய்கிற கம்பெனி. அதில் நான் முப்பத்தொரு வருஷமாக ஸ்டோர்ஸ் இன்சார்ஜ். பெரிய முதலாளி இருந்தவரைக்கும் யாராவது போன் செய்து "ஆறு இஞ்ச் கேஸ்கெட் இருக்கா?" என்றால், நான் நாற்காலியில் உட்கார்ந்தபடியே திரும்பி ரேக்கைப் பார்த்து இருக்கிறது, இல்லை என்று சொல்லிவிடுவேன். பெரியவர் போன பிறகு அவர் மகன் அருள்முருகன் எம்.டி. ஆனார். வெளியூரில் மேனேஜ்மெண்ட் படித்தவர். வந்ததும் போட்ட முதல் சர்க்குலரே, ஸ்டாக் விஷயத்தில் இனி யாரும் ஞாபகத்திலிருந்து பதில் சொல்லக்கூடாது, ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்பது. ரிப்போர்ட்டுக்கு ஒரு ஏற்பாடும் செய்தார். பில் போடுகிற சாஃப்ட்வேரில் உள்ள சரக்கு விவரம் அத்தனையையும் தினம் சாயங்காலம் எக்ஸ்போர்ட் செய்து, தனி அறையில் இருக்கிற இன்னொரு கம்ப்யூட்டரின் டேட்டாபேஸில் கொண்டுபோய்க் கொட்டிவிட வேண்டும். மறுநாள் எல்லோரும் அதிலிருந்து ரிப்போர்ட் பார்க்க வேண்டும்.

அந்தக் கொட்டுகிற வேலை நம்பகமான ஆளிடம் இருக்கட்டும் என்று என்னிடம் கொடுத்தார்கள். பாஸ்வேர்ட் எனக்கு மட்டும்தான். சரியாக ஐந்தரைக்கு உட்கார்வேன். திரையில் இங்கிலீஷில் என்னவோ எழுதி மூன்று கட்டம் வரும். மூன்றிலும் டிக் போட்டு, ஓகே கொடுத்து, கைகூப்பிவிட்டு எழுந்திருப்பேன். முதல் நாள் சாஃப்ட்வேர் கம்பெனி ஆள் "தேவையானதுக்கு மட்டும் டிக் போட்டுக்கங்க சார்" என்றான். எது தேவை எது தேவையில்லை என்று அவன் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது. எத்தனை ஃபாரம் பார்த்த கை இது. ஒரு கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டால் ஆடிட்டர் நேராக அங்கேதான் விரலை வைப்பார் என்பது எனக்கு வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே தெரியும். என் சர்வீஸில் காலிக் கட்டம் விட்ட ஒரு தாளை யாரும் காட்ட முடியாது. அந்த எக்ஸ்போர்ட்டிலும் ஒரு நாள் தவறினது கிடையாது.

இந்த ஏற்பாட்டில் இருந்த ஒரே கோளாறு, ரிப்போர்ட் வருவதற்குப் பதினொரு நிமிஷம் ஆகும் என்பது. போனில் காத்திருக்கிற ஃபேக்டரிக்காரன் மூன்றாவது நிமிஷத்தில் வேறு கடைக்குப் போய்விடுவான். கம்ப்யூட்டர் செக்‌ஷனில் இருக்கிற சிந்துஜா என்கிற பெண் என்னென்னவோ செய்து பார்த்துக்கொண்டிருந்தாள். தேவனாம்பட்டினத்துப் பெண், அப்பா படகுக்காரர், வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் வாசல் மிதித்தவள், சம்பளத்தில் தம்பியைப் படிக்கவைக்கிறாள். இவ்வளவும் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. புரட்டாசி சனிக்கிழமை திருவந்திபுரத்துக்குப் பெருமாளைப் பார்க்க வந்த நீ, பார்த்தோமா, புளியோதரை வாங்கினோமா, பஸ் ஏறினோமா என்றில்லாமல் என்னைப் பார்க்க ஆபீசுக்கு வந்தாய். வந்தவன் சும்மா உட்காரக் கூடாதா? "மாமா, பழைய பேரேட்டு ஓரத்துல எழுத்து வெட்டி வச்சிருப்பீங்கல்ல, போல்ட்டுன்னா இங்க, வால்வுன்னா இங்கன்னு. அது இல்லாம தேடுனா மொதப் பக்கத்துலேருந்து கடைசி வரைக்கும் பொரட்டணும். உங்க டேட்டாபேஸ் அப்பிடித்தான் பொரட்டிக்கினு கெடக்குது. ஒரு இண்டெக்ஸ் போட்டா தீந்துச்சு" என்றாய். சிந்துஜாவும் "நானும் அதத்தான் சார் நெனச்சேன்" என்றாள். இரண்டு பேரும் சேர்ந்து என்னத்தையோ தட்டினீர்கள். பதினொரு நிமிஷ ரிப்போர்ட் இரண்டே விநாடியில் வந்து நின்றது.

அத்தோடு விட்டிருந்தால் உனக்கு நான் கோயில் கட்டியிருப்பேன். ஆனால் எம்.டி. பார்த்துவிட்டார். பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இத யாருக்கும் சொல்லாம சும்மா போட்டுட்டீங்களா?" என்பது. நல்ல காரியத்தை நல்ல நாளில் நாலு பேர் அறியச் செய்ய வேண்டும் என்று சொல்லி, போட்ட இண்டெக்ஸை அப்போதே எடுக்கவைத்துவிட்டார். ஆயுதபூஜைக்குத் திறப்பு விழா என்று முடிவானது. இண்டெக்ஸுக்குத் திறப்பு விழா வைத்த கம்பெனி உலகத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும். அதுவரை மூன்று வாரம் மறுபடியும் பதினொரு நிமிஷம்.

அந்த மூன்று வாரத்தில் நடந்த கூத்து இருக்கிறதே. சேல்ஸ் மேனேஜர் எழிலன், வாடிக்கையாளர் பெயருக்கு ஒரு இண்டெக்ஸ், ஊருக்கு ஒன்று, தேதிக்கு ஒன்று என்று மூன்று கேட்டு வாங்கிக்கொண்டார். கேட்டதோடு நில்லாமல் கேண்டீனில் உட்கார்ந்து "நம்ம டிபார்ட்மெண்டுக்கு மூணு" என்று எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னார். பர்சேஸ் மேனேஜர் லூர்துசாமிக்கு டீ இறங்கவில்லை. நேராக சிந்துஜாவிடம் போய் "எங்களுக்கு நாலு போடும்மா" என்றார். "எதுக்கு சார் போடணும்?" என்று அவள் கேட்க, "அத நீயே பாத்துப் போடு, ஆனா நாலு இருக்கணும்" என்றார். அதற்கு எழிலன் ஆறாக்கினார். அதற்கு இவர் எட்டாக்கினார். லாரி செக்‌ஷன்காரர் வண்டி நம்பருக்கு ஒன்று கேட்டார், அதிலும் கூட்டினால் ஒன்பது வருகிற மாதிரி பெயர் வைக்கச் சொன்னார். வாட்ச்மேனுக்கு ஒன்று உண்டா என்று அவரே வந்து விசாரித்தார். எல்லாவற்றுக்கும் சிகரமாக எம்.டி., தன் அப்பா பெயரில் ஓர் இண்டெக்ஸ் வேண்டும் என்றார். எந்தப் பத்திக்கு என்று கேட்டதற்குப் பட்டியலை மேலும் கீழும் பார்த்து 'குறிப்புகள்' என்ற பத்தியைக் காட்டினார். அந்தப் பத்தியில் இதுவரை யாரும் ஒரு எழுத்து எழுதினது கிடையாது. காலியாகக் கிடக்கிற பத்தியில் தேடுவதற்கு அப்பா பெயரில் ஓர் இண்டெக்ஸ். அந்தப் பெண் அதையும் குறித்துக்கொண்டாள். "இவ்ளோ ஜாஸ்தி வேணாம் சார், மூணு நாலு இருந்தாப் போதும்" என்று அவள் முதலில் சொன்னதற்கு, "உனக்கு எங்க வளர்ச்சி புடிக்கலையா?" என்று எம்.டி. கேட்டதிலிருந்து அவள் வாயைத் திறப்பதில்லை.

விழாவுக்கு நீயே வந்திருந்தாய், நான் சொல்ல வேண்டியதில்லை. கேட்டிலிருந்து கோடவுன் வரைக்கும் ஃபிளக்ஸ். நடுவில் எம்.டி. கைகட்டி நிற்கிற படம், மேல் மூலையில் பெரியவர் மேகத்துக்குள்ளிருந்து ஆசீர்வதிக்கிற படம், கீழே தபால்தலை அளவில் மேனேஜர்கள். எழிலன் படம் லூர்துசாமி படத்தைவிட அரை இஞ்ச் பெரிசு என்று காலையிலேயே ஒரு பஞ்சாயத்து. கம்ப்யூட்டருக்குச் சந்தனப் பொட்டு, சாமந்தி மாலை. உனக்குப் பொன்னாடை. எம்.டி. ரிப்பன் வெட்டி எண்டர் தட்டினார். நாற்பத்து மூன்று இண்டெக்ஸும் அவருக்குப் பின்னால் நின்ற சிந்துஜா காலையிலேயே எழுதிவைத்திருந்தது என்பதை அவர் பேச்சில் சொல்லவில்லை. கேசரி கொடுத்தார்கள். எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்ததும், பூஜை நாளென்றுகூடப் பார்க்காமல் நான் ஒரு கையில் வாழைப்பழத்தை வைத்துக்கொண்டு ஐந்தரைக்கு என் எக்ஸ்போர்ட்டை முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். என் கடமையில் நான் குறை வைத்ததில்லை, மச்சான்.

திங்கட்கிழமை காலை வந்து பார்த்தால் நாற்பத்து மூன்றில் ஒன்றுகூட இல்லை. துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ரிப்போர்ட் பழையபடி பதினொரு நிமிஷம். சிந்துஜா உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி போட்டாள், பதினொன்றே கால் மணி ஆனது. மத்தியானம் முழுக்க நன்றாக ஓடியது. செவ்வாய்க்கிழமை காலை மறுபடியும் இல்லை. அன்றிலிருந்து தினமும் இதே கதை. அந்தப் பெண் முதல் டவுன் பஸ்ஸைப் பிடித்து ஏழு மணிக்கே வந்து, மற்றவர்கள் வருவதற்குள் நாற்பத்து மூன்றையும் போட்டுவைக்க ஆரம்பித்தாள். சாயங்காலம் வரை இருக்கும். மறுநாள் காலை இருக்காது.

எம்.டி. உன்னைக் கூப்பிட்டார், நீ பிச்சாவரத்தில் இருந்தாய். அதன் பிறகு அவரே களத்தில் இறங்கினார். முதலில் கண் திருஷ்டி என்றார்கள். டேட்டாபேஸ் அறை வாசலில் பூசணிக்காய் உடைத்ததில், வழுக்கி விழுந்து லாரி செக்‌ஷன்காரருக்கு மணிக்கட்டில் கட்டு. அடுத்து வாஸ்து பார்க்கிறவர் வந்து, தெற்குப் பார்த்திருந்த கம்ப்யூட்டரைக் கிழக்கே திருப்பச் சொன்னார். திருப்பிய இடத்துக்கு நேர் மேலே ஏ.சி. ஒழுகுகிறது. இப்போது அந்த டேட்டாபேஸ் ஒரு குடைக்குக் கீழே இருக்கிறது. கடைசியாக அந்த அறையிலும் எங்கள் மேசைப் பக்கமும் கேமரா வைத்தார்கள். நாங்கள் எல்லோரும் மீட்டிங் ஹாலில் உட்கார்ந்து நான்கு நாள் படத்தைப் பார்த்தோம். வெளியாள் ஒருவரும் வரவில்லை. ஐந்தரைக்கு நான் என் மேசையில் உட்கார்ந்து என் வேலையைச் செய்துவிட்டுப் போகிறேன். ஆறு மணிக்கு சிந்துஜா அந்த அறைக்குள் வந்து, திரையைப் பார்த்து, தலையில் கை வைத்துக்கொண்டு உட்காருகிறாள். மறுபடி போடுவதற்குள் வாட்ச்மேன் அறையைப் பூட்ட வந்துவிட, எழுந்து போகிறாள். இதில் யார் மேல் சந்தேகம் வரும் என்று நீயே சொல்.

எழிலன்தான் முதலில் சொன்னார். "தெனம் அழிஞ்சாத்தானே தெனம் போட முடியும். தெனம் போட்டாத்தானே இந்தப் பொண்ணுக்கு வேலை இருக்கும்" என்றார். லூர்துசாமி அவர் சொன்னதை வாழ்க்கையில் முதன்முறையாக ஆமோதித்தார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அந்தப் பெண்ணுக்கு என்மேல் மரியாதை கிடையாது என்பதும் ஒரு காரணம், அதை உன்னிடம் மறைக்கவில்லை. அக்டோபரிலேயே ஒரு நாள் வந்து, "சார், எக்ஸ்போர்ட் பண்றப்ப எந்தெந்தக் கட்டத்துல டிக் போடறீங்க?" என்று கேட்டாள். முப்பத்தொரு வருஷ சர்வீஸ்காரனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது. "எல்லாத்துலயும் ஒழுங்காத்தாம்மா போடறேன்" என்று சொல்லி அனுப்பினேன். மறுநாள் வந்து பார்த்தால் என் மானிட்டரில் ஒரு மஞ்சள் காகிதம் ஒட்டியிருக்கிறாள். என் கம்ப்யூட்டரில், நான் விபூதி வைக்கிற இடத்தில். கண்ணாடியைக்கூடப் போட்டுப் பார்க்கவில்லை, கிழித்தெடுத்துப் பின்பக்கத்தில் உன் அக்காள் சொன்ன மளிகைச் சாமானை எழுதிக்கொண்டேன்.

போன வாரம்தான் முற்றிப்போனது. பெரிய ஃபேக்டரி ஒன்றில் பைப் ஒழுகி மிஷினை நிறுத்திவிட்டு, ஆறு இஞ்ச் கேஸ்கெட் உடனே வேண்டும் என்று போன் செய்தார்கள். அன்று காலை சிந்துஜா வந்த பஸ் பிரேக்டவுன், இண்டெக்ஸ் போட நேரமாகிவிட்டது. எழிலன் ரிப்போர்ட்டைத் தட்டிவிட்டுக் காத்திருக்கிறார். ஐந்து நிமிஷம். ஏழு நிமிஷம். அந்தக் கேஸ்கெட் பன்னிரண்டு எண்ணம் என் நாற்காலிக்குப் பின்னாலேயே தொங்கிக்கொண்டிருந்தது. நான் திரும்பிக் கையை நீட்டினால் தொடலாம். ஆனால் ஞாபகத்திலிருந்து பதில் சொல்லக்கூடாது என்று சர்க்குலர் இருக்கிறது, அதில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒன்பதாவது நிமிஷத்தில் அவர்கள் புதுச்சேரியில் வாங்கிக்கொள்கிறோம் என்று வைத்துவிட்டார்கள். அந்த ஃபேக்டரி இனி நம்மிடம் வாங்காது என்று மறுநாள் கடிதமும் வந்துவிட்டது.

எம்.டி. ஆடிப்போய்விட்டார். சிந்துஜாவுக்கு மெமோ. வேலையிலிருந்து ஏன் நீக்கக்கூடாது என்று மூன்று பேர் கமிட்டி புதன்கிழமை, இருபதாம் தேதி விசாரிக்கிறது. எம்.டி., எழிலன், லூர்துசாமி. மெமோ கொடுக்கும்போது நானும் இருந்தேன். அவள் அழவில்லை. "சாயங்காலம் சிங்காரம் சார் எக்ஸ்போர்ட் பண்றாருல்ல சார், அப்பதான்..." என்று ஆரம்பித்தாள். எம்.டி. கையைக் காட்டி நிறுத்தினார். "அவரு அப்பா காலத்து ஆளும்மா. ஒன் தப்புக்குப் பெரியவங்கள இழுக்காத" என்றார். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. அவள் "நான் சொல்ல வேண்டியவுங்களுக்கு எழுதியே குடுத்துட்டன் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். யாருக்கு எழுதிக் கொடுத்தாளாம், கலெக்டருக்கா?

அப்புறம் எம்.டி. என்னை உள்ளே கூப்பிட்டார். "நீங்க கேமராவுல பாத்தத எழுதிக் குடுங்க. உங்க எக்ஸ்டென்ஷன் ஃபைலும் எங்கிட்டதான் இருக்குது" என்றார். இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனால் இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். எனக்கு மார்ச்சோடு சர்வீஸ் முடிகிறது. வீட்டு லோன் இன்னும் இரண்டு வருஷம் ஓடுகிறது. வீட்டில் சும்மா உட்கார்ந்தால் உன் அக்காள் என்னை மோட்டார் போடவும் பால் வாங்கவும் ஓட்டியே கொன்றுவிடுவாள் என்கிற பயம் வேறு. எழுதிக் கொடுத்தேன். 'மாலை ஆறு மணிக்கு மேல் மேற்படி சிந்துஜா டேட்டாபேஸ் அறையில் தனியாக இருக்கக் கண்டேன்.' எழுதினதில் ஒரு எழுத்துப் பொய் கிடையாது.

ஆகையால் மச்சான், நீ செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. இண்டெக்ஸ் என்ற சங்கதியை இந்தக் கம்பெனிக்குள் கொண்டுவந்தவன் நீ. புதன்கிழமை காலை பத்து மணிக்குள் செம்மங்குப்பம் வந்து, இண்டெக்ஸ் தானாக அழியாது, உள்ளே இருக்கிறவர்கள் கை வைத்தால்தான் அழியும் என்று கமிட்டி முன்னால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போ. அது உண்மைதானே. வரும்போது பொன்னாடையைக் கொண்டுவந்து திருப்பிக் கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது. வரவில்லையென்றால் பொங்கலுக்கு உன் அக்காளை அனுப்ப மாட்டேன், நானும் வரமாட்டேன், பிச்சாவரத்துக்கே தேடிக்கொண்டு வருவேன்.

கயல்விழிக்கு என் ஆசீர்வாதம். பிள்ளைகள் நன்றாகப் படித்து, கம்ப்யூட்டர் பக்கம் தலைவைத்துப் படுக்காமல், நல்ல இடத்தில் வேலைக்குப் போகட்டும் என்று பாடலீஸ்வரரை வேண்டிக்கொள்கிறேன். மழைக்காலம், உன் கடைக்குள் தண்ணீர் வராமல் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் மாமா,
ந. சிங்காரம்

பின்குறிப்பு (20.11.2024, புதன் மாலை): மேலே எழுதினதை எல்லாம் மறந்துவிடு. சனிக்கிழமை தபாலில் போட முடியாமல் மழை. ஞாயிற்றுக்கிழமை உன் அக்காள், ஆணியில் வாரக்கணக்கில் மறந்து தொங்கின என் சட்டையைத் துவைக்கப் போடும்போது பையிலிருந்து அந்த மஞ்சள் காகிதத்தை எடுத்தாள். "கடலைப்பருப்பு அரைக் கிலோன்னு எழுதியிருக்கு, வாங்கவே இல்லையே நீங்க" என்று சண்டைக்கு வந்தவள், திருப்பிப் பார்த்துப் படித்தாள். 'சார், மூணாவது கட்டத்துல மட்டும் டிக் போடாதீங்க. போட்டா பழைய டேபிளை, அதான் சரக்குப் பட்டியலை, அழிச்சிட்டுப் புதுசா உருவாக்கும். நாம போட்ட இண்டெக்ஸும் அதோட போயிடும். தயவுசெஞ்சு. சிந்துஜா.' நான் இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். அவள் படித்துவிட்டு, "அப்ப என் தம்பி மேல தப்பு இல்ல, அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல, பூசணிக்கா மேலயும் தப்பு இல்ல" என்றாள். ஆயுதபூஜை தொடங்கிச் சனிக்கிழமை வரை, ஞாயிறும் லீவும் போக, இருபத்தொன்பது நாள். ஒரு நாள் தவறியதில்லை என்று மேலே பெருமையடித்திருக்கிறேன் பார், அதில் மட்டும் பொய் இல்லை. வெட்கம் என்றால் இப்படி ஒரு வெட்கம் நான் பட்டதில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் முதல் இரண்டு கட்டத்தில் டிக் போட்டேன். மூன்றாவதைக் காலியாக விட என் விரல் ஒப்பவில்லை, இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு ஓகே கொடுத்தேன். செவ்வாய் காலை ஏழு மணிக்கு நானும் போய்விட்டேன். சிந்துஜா வந்து கம்ப்யூட்டரைத் திறந்தாள். நாற்பத்து மூன்றும் அப்படியே இருந்தன. என் மேசைக்கு வந்து "சார், இன்னிக்கு எனக்கு வேலையே இல்ல" என்றாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

எம்.டி.யிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, "இத வெளிய விடாதீங்க. மெமோவுக்கு நம்பர் போட்டாச்சி. அந்தப் பொண்ணு போகட்டும், வேற ஆளு பாத்துக்கலாம். உங்க எக்ஸ்டென்ஷன் ஆர்டர் டைப் ஆயிக்கிட்டு இருக்குது" என்றார். இந்தத் தடவையும் ஒரே மூச்சு. வாக்குமூலத்தை மாற்றுவதென்றால் விவரமாக எழுத்தில் வேண்டும் என்றும் சொன்னார், ராத்திரிக்குள் என்னால் எழுத முடியாது என்கிற தைரியம். எழுத்தில் என்னிடம் இந்தக் கடிதம்தான் இருந்தது. நான் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். எம்.டி. பற்றிய பக்கங்களை மட்டும் எடுத்துவிடலாமா என்று கடை வாசலில் கால் மணி நேரம் நின்று யோசித்தேன். பக்க எண் நடுவில் விட்டுப்போகும், அதற்கு மனசு வரவில்லை. முழுசாக மூன்று காப்பி எடுத்து, ஒவ்வொன்றோடும் மஞ்சள் காகிதத்தின் காப்பியையும், கடலைப்பருப்புப் பக்கம் உட்பட, வைத்துத் தைத்து இன்று காலை கமிட்டியிடம் கொடுத்தேன்.

மூன்று பேரும் படித்தார்கள். லூர்துசாமி எழிலனைப் பற்றிய இடத்தில் சிரித்தார். எழிலன் லூர்துசாமியைப் பற்றிய இடத்தில் சிரித்தார். எம்.டி. தன் அப்பா இண்டெக்ஸ் வந்த இடத்தில் நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். மெமோவை ரத்து செய்யலாம் என்று லூர்துசாமி சொல்ல, நான்தான் முதலில் சொல்ல இருந்தேன் என்று எழிலன் சொல்ல, அதற்காக இரண்டு பேரும் பத்து நிமிஷம் சண்டை போட்டதில் எம்.டி.க்குக் கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறு வழியில்லாமல் போனது. சிந்துஜா வேலையில் இருக்கிறாள். எனக்கு மார்ச்சோடு ஓய்வு, அதை எம்.டி. எழுந்து போகும்போதே சொல்லிவிட்டார், மூச்சு விட்டு, தனியாக. ஆகவே மச்சான், நீ சாட்சிக்கு வர வேண்டாம், பொன்னாடையை வைத்துக்கொள், பொங்கலுக்கு நாங்கள் வருகிறோம். ஏப்ரலிலிருந்து உன் கடையில் உட்கார ஒரு நாற்காலி இருந்தால் எழுது.

சாயங்காலம் ஐந்தரைக்கு எக்ஸ்போர்ட் செய்ய உட்கார்ந்தால் மானிட்டரில் புதுசாக ஒரு மஞ்சள் காகிதம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். 'சார், நன்றி. மூணாவது கட்டம் மட்டும் வேணாம்.' திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் காலியாக இருந்தது. உன் அக்காள் காலையில் சொன்ன சாமான் நாலைந்து ஞாபகத்தில் இருந்தது, பேனாவும் கையில் இருந்தது. காலியாகவே விட்டுவிட்டேன்.